போன் சொல்வதற்கு முன்

நர்ஸ் ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தாள். கைக்கடிகாரம், டெப்போவின் அடையாள அட்டை, மூக்குக்கண்ணாடி, கடைசியாகக் கைபேசி.

"எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்கோங்க."

பெரியவள் மூக்குக்கண்ணாடியை எடுத்துக் கைக்குட்டையால் துடைத்தாள். கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவளுக்கு அது கைப்பழக்கம். இந்த லென்ஸும் அவளே விளிம்பு தேய்த்துச் சட்டத்தில் பொருத்தியதுதான். வலது பக்கத்து ஓரத்தில் ஒரு கைரேகை அப்பியிருந்தது. துடைக்கத் தொடங்கிய பிறகுதான் அது அப்பாவின் விரலாக இருக்கும் என்று உறைத்தது. அதற்குள் பாதி போய்விட்டது. மீதியை அப்படியே விட்டு, கண்ணாடியை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

திரைக்கு உள்ளே அம்மா இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் முகத்தை இன்னும் மூடவில்லை. இரண்டு நாளாக மூக்கிலும் வாயிலும் இருந்த குழாய்களை எடுத்துவிட்டதால், உடம்புக்கு முடியாதவர் மாதிரியே தெரியவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அசந்து படுத்தவர் மாதிரி இருந்தார். அம்மா போர்வையின் ஓரத்தைப் பிடித்து மடித்து, நீவி, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

"சின்னவகிட்ட யாராவது சொன்னாங்களா?"

"இல்லம்மா. பரிட்சை முடிஞ்சிருக்கும். காலேஜ்லதான் இருப்பா."

"நீ போ."

"உன்னைத் தனியா விட்டுட்டா?"

"நான் எங்க தனியா இருக்கேன். உங்கப்பா இருக்காரே." அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. "போ. போன் சொல்றதுக்கு முன்னாடி நீ போய்ச் சொல்லு. அவளுக்கு எதையும் போன் சொல்லக் கூடாது. போதும்."

வெளியே தாழ்வாரத்தின் கடைசியில், சன்னல் வெளிச்சத்தில், அம்மாவின் தம்பி கைபேசியைக் கண்ணுக்கு நெருக்கமாக வைத்து ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். பெரியவள் அவரிடம், "அம்மாகூட இருங்க மாமா, நான் பட்டாணியைக் கூட்டிட்டு வரேன்" என்றாள். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே தலையாட்டினார்.

பட்டாணி என்பது சின்னவளுக்கு அப்பா வைத்த பெயர். குறைமாதத்தில் பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்த குழந்தையை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "பட்டாணி அளவுதான் இருக்கா, ஆனா உருண்டு உருண்டு காலை உதைக்கிறா" என்றாராம். காலேஜ் போகிற பெண்ணான பிறகும் அவருக்கு அவள் பட்டாணிதான்.

மருத்துவமனை வாசலில் பெரியவள் நின்றதும் வந்த பேருந்தில் தாடிக்கார ஓட்டுநர் இருந்தார். அப்பாவோடு ஒரே டெப்போ. அவளைக் கண்டதும் கதவைத் திறந்துவிட்டு, அவள் சில்லறைக்காகப் பைக்குள் கை விடுவதைப் பார்த்து, "அதெல்லாம் உள்ளேயே இருக்கட்டும், ஏறும்மா" என்றார். முன் இருக்கை காலியாக இருந்தது.

"நிதானம் எப்படி இருக்காரு?"

டெப்போவில் அப்பாவுக்கு அந்தப் பெயர். அவர் ஓட்டுகிற வண்டியில் நின்றுகொண்டே தேநீர் குடிக்கலாம், ஆனால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது என்பார்கள்.

சொல்ல வேண்டியது நாக்கு நுனிவரை வந்தது. தாடிக்காரரின் மகளும் பட்டாணியும் ஒரே வகுப்பு. இவரிடம் சொன்னால் அடுத்த நிறுத்தத்தில் டெப்போவுக்குச் செய்தி போகும், அதற்கடுத்த நிறுத்தத்தில் காலேஜுக்குப் போகும்.

"தூங்கறாரு அண்ணே."

"தூங்கட்டும், நல்லாத் தூங்கட்டும். வருஷக்கணக்கா விடியக்கால டூட்டி. பாக்கித் தூக்கம் நிறைய இருக்கும்." அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்தார். "எழுந்ததும் சொல்லு, ஷெட்ல எல்லாரும் கேட்டாங்கன்னு. அவரு வண்டியை எவனோ ஒருத்தன் ஓட்டி கியரைப் பாடாப் படுத்தறான்னு மட்டும் சொல்லிடாத."

"சரிண்ணே."

பெரியவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பட்டாணி அப்படியே நொறுங்கிவிடுவாள் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் போன வருஷத்தை இந்த வீட்டில் யாரும் மறக்கவும் இல்லை.

பள்ளிக்கூடத்துக் கடைசி விழாவில் பட்டாணி பின்வரிசையில் நின்று ஆடினாள். யாரோ ஒரு பெண் கைபேசியில் அவளை மட்டும் பெரிதாக்கிப் படம் எடுத்து, வேடிக்கையாக ஒரு பாட்டைச் சேர்த்து, ஒரு வரி எழுதிப் போட்டுவிட்டாள். சின்ன வீடியோ. கண்ணை இமைத்து முடிப்பதற்குள் முடிந்துவிடும். கீழே சிரிப்பு முகங்கள் வரிசையாக வந்தன. அதற்கும் கீழே எழுதியிருந்தவற்றைப் பெரியவள் ஒருமுறை படித்தாள். அதற்குப் பிறகு படிக்கவில்லை. பட்டாணி பலமுறை படித்தாள்.

அப்புறம் அவள் அந்த வீடியோவைப் பார்ப்பதை விட்டுவிட்டு மற்றவர்களைப் பார்க்கத் தொடங்கினாள். ஒல்லியான இடுப்புகள், எலும்பு தெரிகிற கழுத்துகள், ஒருநாள் முழுக்க என்ன சாப்பிட்டேன் என்று காட்டுகிற பெண்கள். ஒன்றைப் பார்த்தால் அதே மாதிரி பத்தைப் போன் கொண்டுவந்து கொட்டியது. தட்டில் சோறு பாதியானது, காலானது, பிறகு ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நகர்ந்துகொண்டு மட்டும் இருந்தது. கொளுத்துகிற வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டாள். ஒருநாள் குளியலறையில் வாளி உருளும் சத்தம் கேட்டு அம்மா ஓடினாள்.

மருத்துவமனையில் சேர்த்தார்கள். மனநல மருத்துவர் நிதானமாகப் பேசுகிற பெண்மணி. "போன் மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன்" என்றார். "உள்ள ஒரு புண்ணு இருந்திருக்கும். ஆனா இந்தப் போன் ஈ மாதிரி அது மேலயே உக்காந்துகிட்டு இருக்கு. ஆற விடாது."

அம்மா கைபேசியை அம்மிக்கல்லில் போட்டு நசுக்குவேன் என்றாள். அப்பா விடவில்லை. "பிடுங்காத. அவ கதவைச் சாத்திக்கிட்டு அந்தப் பக்கம் உக்காந்திருக்கா. சாவித் துவாரத்தையும் நாம அடைச்சா எட்டிப் பாக்கறது எப்படி?"

எட்டிப் பார்ப்பதென்றால் நிஜமாகவே எட்டிப் பார்த்தார். பெரியவளிடம் வந்து, "அவ பாக்கற ஆப்ல எனக்கும் ஒரு கணக்கு ஆரம்பிச்சுக் குடு" என்றார். முகப்புப் படமாகத் தன் பேருந்தின் நெற்றியை வைத்துக்கொண்டார். வேலை முடிந்து வந்து, கால்களைத் தண்ணீர் வாளிக்குள் வைத்துக்கொண்டு, மூக்கு நுனிக்குக் கண்ணாடியை இறக்கி, பட்டாணி பார்ப்பதையெல்லாம் பாடம் படிப்பது மாதிரி பார்த்தார். அம்மா, "மூத்த பைத்தியம் ஒண்ணு, இளைய பைத்தியம் ஒண்ணு" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்துச் சாப்பிடும்போது அப்பா திடீரென்று சொன்னார்:

"இன்னைக்கு ஷேவ் பண்றப்ப பாத்தேன். எனக்கே என் மூக்கு பிடிக்கல."

யாருக்கும் புரியவில்லை.

"நிஜமாத்தான் சொல்றேன். இந்த மூக்கை வெச்சுக்கிட்டா இத்தனை வருஷம் பஸ் ஓட்டினோம், ஏறினவன்லாம் இதைப் பாத்துக்கிட்டுத்தானே ஏறியிருப்பான்னு ஒரே வெக்கமாப் போச்சு."

குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் பட்டாணிக்குப் புரையேறி மூக்கு வழியாக வந்துவிட்டது. பல மாதங்களாக அந்த வீடு கேட்காத சிரிப்பு. அப்பா சிரிக்கவில்லை. "சிரிக்காதடா. ஒரு வாரத்துக்கே கிழவன் எனக்கு இப்படின்னா, உனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சேன். அதான் சொன்னேன்."

அன்றைக்கு அவள் ஒரு வாயும் கூடுதலாகச் சாப்பிட்டுவிடவில்லை. ஆனால் தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போகாமல், அப்பா கை கழுவுகிறவரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

காலேஜில் சேர்ந்தபோது அந்தச் செயலிகளை அவளாகவே அழித்தாள். அப்பா ஒன்றே ஒன்று கேட்டார். "படம் போடணும்னு தோணுச்சுன்னா எனக்குப் போடு. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைக் காலி பண்ணிட்டு அதை எடுத்து அனுப்பு. நான் ஒருத்தன்தான் பாப்பேன்." அவளும் அனுப்பினாள். அப்பா வண்டியை நிறுத்துகிற இடத்தில் இறங்கி நின்று, ஒரு கட்டைவிரல் குறியை அனுப்புவார். வேறு எழுத மாட்டார். முதலில் கொஞ்ச நாள் அவள் சாப்பாட்டைக் கொட்டிவிட்டுத்தான் படம் அனுப்பினாள் என்பது அவருக்குத் தெரியும். அதை ஒருமுறை பெரியவளிடம் சொன்னார்.

"தெரிஞ்சும் ஏம்பா கேக்கல?"

"பொய்யாவது எனக்குன்னு ஒண்ணு சொல்றாளேன்னு இருந்துச்சு. பொய்ய எத்தனை நாளைக்குச் சொல்லுவா? அவளுக்கே அலுத்துப்போய் ஒருநாள் சாப்பிடுவா."

அலுத்துப்போனது எப்போது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அடுத்த கோடைக்குள் அவளுடைய கன்னம் மறுபடி வந்துவிட்டது.

பெரியவளின் கைபேசி அதிர்ந்தது. சித்தி மகள் எழுதியிருந்தாள்: அக்கா, மாமா ஸ்டேட்டஸ் பாத்தேன். உண்மையா?

பெரியவள் திறந்து பார்த்தாள். மாமாவின் படத்தைச் சுற்றிப் பச்சை வட்டம். தொட்டாள். எரிகிற மெழுகுவர்த்தி, அதன் பக்கத்தில் போன வருஷம் யாரோ எடுத்த அப்பாவின் படம், கீழே 'ஆழ்ந்த இரங்கல்'.

உடனே கூப்பிட்டாள்.

"மாமா, ஸ்டேட்டஸ் போட்டிருக்கீங்களா?"

"ஆமாம்மா. தங்கமான மனுஷன். நாலு பேருக்குத் தெரிய வேணாமா?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். முன்னால் தாடிக்காரர் இருந்தார். "பட்டாணிக்கு இன்னும் தெரியாது மாமா."

"அடக் கடவுளே" என்றார் மாமா, மெதுவாக. "எனக்குத் தோணவே இல்லையேம்மா."

"பரவால்ல. இப்ப எடுத்துடுங்க."

"போடத்தாம்மா தெரியும். எடுக்கத் தெரியாதே. இதுவே பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிக் குடுத்தது."

"நான் சொல்றேன். ஸ்பீக்கர்ல போட்டுட்டு அங்க போங்க. உங்க போட்டோ ஒரு வட்டத்துக்குள்ள இருக்கும் பாருங்க, அதைத் தொடுங்க."

"தொட்டேன். மெழுகுவர்த்தி வருது."

"மேல ஓரத்துல மூணு புள்ளி இருக்கும்."

"எங்க... ஒண்ணும் தெரியலையே. கண்ணு மறைக்குது."

"துடைச்சிட்டு மெதுவாப் பாருங்க மாமா. அவசரம் இல்ல." சொல்லிக்கொண்டே தன் முழங்காலை இறுகப் பிடித்திருந்தாள்.

"மூணு புள்ளி... ஆங், இருக்கு. தொட்டுட்டேன். என்னென்னமோ வருது."

"அதுல அழிக்கன்னு இருக்கும்."

"அழிக்கவான்னு கேக்குது." மாமா நிறுத்தினார். அவர் மூச்சு வாங்குவது கேட்டது. "மச்சானை அழிக்கவான்னு கேக்குதும்மா."

"மெழுகுவர்த்தியைத்தான் மாமா. மெழுகுவர்த்தியைத்தான் கேக்குது. ஆமான்னு சொல்லுங்க."

கொஞ்ச நேரம் விசும்பல் மட்டும் வந்தது. பிறகு, "போயிடுச்சு" என்றார்.

"சரி மாமா. அம்மாகிட்டப் போய் உக்காருங்க. தண்ணி வாங்கிக் குடுங்க."

பேருந்து வளைவில் திரும்பியது. காலேஜுக்கு இன்னும் சில நிறுத்தங்கள்தான். என்ன சொல்லித் தொடங்குவது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது பைக்குள் வேறொரு கைபேசி அதிர்ந்தது. அப்பாவுடையது.

அவர் அதற்குப் பூட்டுப் போட்டதே இல்லை. யாரோ டெப்போவிலிருந்து அழைக்கிறார்களோ என்ற பதற்றத்தில் எடுத்து, வந்திருந்த செய்தியைத் தொட்டுவிட்டாள்.

பட்டாணி அனுப்பியிருந்தாள். காலி டப்பா. அடியில் ஒரு பருக்கைகூட இல்லை. மேலே நேற்றைய டப்பா, அதற்கும் மேலே முந்தாநாளுடையது. அப்பா நினைவிழந்து கிடந்த இரண்டு நாளும், எழுந்ததும் பார்க்கட்டும் என்று அனுப்பிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். இன்றைய படத்துக்குக் கீழே எழுதியிருந்தது: பரிட்சை ஈஸிப்பா. முழுசாச் சாப்பிட்டேன். சாயங்காலம் வந்து சொல்றேன்.

காலையில் அவள் மருத்துவமனைக்கு வந்து, கண்ணாடிக் கதவுக்கு உள்ளே போய், அப்பாவின் காதருகே குனிந்து ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். போக மாட்டேன் என்றவளை அம்மாதான் அனுப்பினாள். "எழுந்து உக்காந்ததும் முதல்ல பரிட்சை எழுதினியான்னுதான் கேப்பாரு. என்னால வாங்கிக் கட்டிக்க முடியாது, போ" என்றாள்.

பெரியவளின் கட்டைவிரல் திரைமேல் நின்றது. ஒரு கட்டைவிரலை அனுப்பினால், போய்ச் சேரும்வரை அவள் நிம்மதியாக இருப்பாள். அனுப்பலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவரே அப்பேர்ப்பட்ட பொய்களைப் பொறுத்துக்கொண்டவர்தானே. ஆனால் விரல் இறங்கவில்லை. கைபேசியை மூடிப் பைக்குள் வைக்கப் போனாள்.

அது அடிக்கத் தொடங்கியது. திரையில் பட்டாணி. அப்பா சேமித்து வைத்திருந்தபடி, பெயருக்கு முன்னால் ஒரு பச்சை உருண்டை.

அடித்துக்கொண்டே இருந்தது. தாடிக்காரர் கண்ணாடியில் பார்த்தார். பெரியவள் எடுத்தாள்.

"அப்பா?" பட்டாணிக்கு மூச்சு இரைத்தது. படிக்கட்டில் ஓடி வந்திருப்பாள் போல. "அப்பா! எழுந்துட்டீங்களா? நீல டிக் வந்துச்சு!"

பெரியவள் கைபேசியை மறுகாதுக்கு மாற்றினாள்.

"அப்பா?"

"நான்தான்டி."

"அக்காவா? குடு, அப்பாகிட்டக் குடு. நீல டிக் வந்துச்சே."

"நான்தான் பாத்தேன்."

பேருந்தின் இரைச்சல் இரண்டு பக்கமும் கேட்டது. பெரியவள் அந்த இரைச்சலுக்குள் ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். "அங்கேயே இரு. நான் வந்துட்டே இருக்கேன், பஸ்ல."

பட்டாணியின் குரலில் இப்போது இரைப்பு இல்லை. சின்னப் பிள்ளை மாதிரி கேட்டாள்.

"கேட்கிட்ட வந்து நிக்கவா?"

"நில்லு."

"சரி." வைக்கவில்லை. "போனை வைக்காதக்கா. நீ வர்ற வரைக்கும் அப்படியே காதுல வெச்சுக்கோ. பேச வேணாம்."

வைத்துக்கொண்டாள். நிறுத்தம் வந்து அவள் எழுந்தபோது தாடிக்காரர், "என்னம்மா, முகமே சரியில்லையே" என்றார். "ஒண்ணுமில்லண்ணே" என்று சொல்லி இறங்கினாள்.

பட்டாணி வாசல் தூணோரமாக நின்றிருந்தாள். ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறுகையில் காதோடு கைபேசி. பெரியவளும் காதிலிருந்து எடுக்கவில்லை. பக்கத்தில் வந்து நின்றபோது, ஒரே மூச்சு காதிலும் கேட்டது, நேரிலும் கேட்டது. பிறகு பட்டாணிதான் முதலில் கையை இறக்கினாள்.

"எப்ப?"

"பதினோரு மணி இருக்கும்."

"நான் எழுதிட்டு இருந்தேன்."

"ம்."

சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிமென்ட் பெஞ்சு இருந்தது. உட்கார்ந்தார்கள். வகுப்பு முடிந்து போகிறவர்கள் சிரித்துக்கொண்டு கடந்தார்கள். யாரோ கைபேசியைத் தூக்கிப் பிடித்து நால்வராகப் படம் எடுத்துக்கொண்டார்கள். பட்டாணி அவர்களைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"வலிச்சுதா அவருக்கு?"

"இல்லன்னு டாக்டர் சொன்னாங்க. தூக்கத்துலயேதான்."

"நீ கூட இருந்தியா?"

பெரியவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். "டீ வாங்கக் கீழ போயிருந்தேன். அம்மாதான் இருந்தா. நான் ரெண்டு டம்ளரையும் எடுத்துக்கிட்டுப் படியேறி வரேன்..." அதுவரை அழாதவள், டீ என்ற இடத்தில் அழுதாள். பட்டாணி அவள் முதுகில் கை வைத்தாள். தட்டிக்கொடுக்கத் தெரியாமல், கையை வைத்தபடியே இருந்தாள்.

"மாமாவோட ஸ்டேட்டஸ்ல மெழுகுவர்த்தி இருந்துச்சுக்கா. நான் திறந்தேன், போட்டோ சரியா வரதுக்குள்ள அது காணாமப் போச்சு. யாரோ வயசானவங்க போல, மாமா ஆபீஸ்லன்னு நினைச்சுக்கிட்டேன். ஆனாலும் மனசு கேக்கல. அதனாலதான் டப்பாவை போட்டோ எடுத்து அனுப்பினேன். அனுப்பிட்டு டிக்கையே பாத்துட்டு இருந்தேன். நீலமாச்சு."

"நான் தொட்டிருக்கக் கூடாதுடி. தெரியாமத் தொட்டுட்டேன்."

பட்டாணி கைபேசியைச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டாள்.

"இல்லக்கா. அந்த ஒரு நிமிஷம் நல்லா இருந்துச்சு" என்றாள். பிறகுதான் அழுதாள். சத்தம் வெளியே வராமல், சாப்பாட்டுப் பையை வயிற்றோடு கட்டிக்கொண்டு, குனிந்து அழுதாள்.

சாயங்காலம் அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கூடத்தில் இருந்த மேசையை வாசலுக்கு நகர்த்தி, அந்த இடத்தில் கட்டிலைப் போட்டார்கள். தெருவே வந்தது. டெப்போவிலிருந்து காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்தார்கள். அம்மா ஒவ்வொருவரிடமும், "சாப்பிட்டீங்களா, டூட்டி முடிஞ்சு நேரா வர்றீங்களா" என்று விசாரித்தாள்.

தூரத்து உறவில் ஓர் அண்ணன், ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று கைபேசியை உயர்த்திக்கொண்டு கட்டிலின் தலைமாட்டுக்குப் போனான். பெரியவள் பட்டாணியைப் பார்த்தாள். அம்மாவும் பார்த்தாள். ஒரு கைபேசி இந்தப் பக்கம் திரும்பினாலே முகத்தை மூடிக்கொண்டு ஓடியவள் அவள்.

பட்டாணி சுவரோரத்திலிருந்து எழுந்து போனாள். "இருங்கண்ணா" என்றாள். "தலை சீவாம எடுக்காதீங்க. அவருக்குப் பிடிக்காது."

அவன் கையைத் தாழ்த்தினான். அவள் உள்ளே போய்ச் சீப்பை எடுத்து வந்து, அப்பாவின் தலைமாட்டில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். இடது வகிடு. காதோரத்து நரையைத் தண்ணீர் தொட்டுப் படியவைத்தாள். சீவி முடித்த பிறகும் எழவில்லை. அவர் முகத்தையே, ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது மாதிரி, நெற்றி, கண், கன்னம் என்று ஒவ்வோர் இடமாகப் பார்த்தாள்.

"மூக்கு நல்லாத்தானேம்மா இருக்கு" என்றாள்.

அம்மா அதுவரை கலங்காமல் இருந்தவள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாளா சிரித்தாளா என்று அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை. உறவுக்கார அண்ணன் கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பின்னால் போய் நின்றான். படம் எடுக்கவே இல்லை.

மறுநாள் காலை மயானத்தில் எல்லாம் முடிந்தபோது வெயில் ஏறியிருந்தது. தாடிக்கார ஓட்டுநர் பெரியவளிடம் வந்தார்.

"நேத்து என் வண்டியிலதான வந்த. சொல்லவே இல்லையேம்மா."

"சொல்ல முடியலண்ணே."

அவர் தலையாட்டினார். தாடியைத் தேய்த்துக்கொண்டார். "அதுவும் நல்லதுக்குத்தான். வண்டி நிறைய ஆளு. சொல்லியிருந்தா எப்படி ஓட்டியிருப்பேனோ." போனவர் மறுபடி திரும்பி வந்து, "தூங்கறாருன்னு நீ சொன்னதை வெச்சு நேத்து ஷெட்ல எல்லார்கிட்டயும் நல்லா தூங்கறாராம்னு சொன்னேன்" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது அவருக்கு.

மாமா வாடகைக் காரில் அம்மாவையும் வயதான இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டார். இன்னும் ஒருவர் உட்காரலாம், இருவர் உட்கார முடியாது. "நீங்க ரெண்டு பேரும்..." என்று மாமா தயங்க, "நாங்க பஸ்ல வந்துடறோம் மாமா" என்றாள் பட்டாணி.

மத்தியான நேரத்து வண்டி பாதி காலியாக இருந்தது. அவர்களுக்குத் தெரியாத ஓட்டுநர். பட்டாணி சன்னலோரம் உட்காராமல் அக்காவை அங்கே தள்ளி உட்காரவைத்தாள். இரண்டு ராத்திரிகள் தூங்காத பெரியவளுக்கு வண்டி கிளம்பியதுமே கண் சொருகியது. தலை கண்ணாடியில் போய் மோதியது. பட்டாணி அதைப் பிடித்துத் தன் தோள்மேல் சாய்த்துக்கொண்டாள். எலும்பு குத்துமோ என்று தூக்கத்தினூடே பெரியவள் நினைத்தாள். குத்தவில்லை. சதை வைத்த, வியர்வை வாடை அடிக்கிற, வெதுவெதுப்பான தோள்.

எவ்வளவு நேரம் போனதோ தெரியவில்லை. யாரோ அவர்கள் நிறுத்தத்தின் பெயரைச் சொல்வது கேட்டது. கதவு திறந்தது. செருப்புச் சத்தங்கள் இறங்கின. பட்டாணி அசையவில்லை. கதவு மூடிக்கொண்டது, வண்டி நகர்ந்தது.

பெரியவள் கண்ணைத் திறக்கவில்லை.